‘எங்கிருந்து’ பக்கம்

முப்பத்தோராவது கதையிலும் மழை பெய்தது. குற்றாலிங்கம் சிவப்புப் பேனாவை மூடாமல் பிடித்தபடியே ஜன்னலைப் பார்த்தார். வெளியேயும் மழைதான், காலையிலிருந்து விடாமல், பாளையங்கோட்டை முழுவதையும் ஒரு ஈரத்துணியால் மூடிவைத்த மாதிரி. கடைசி நாளில் உட்கார்ந்து எழுதினால் வெளியே பெய்கிற மழை கதைக்குள்ளும் ஒழுகத்தான் செய்யும், அதில் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒன்பது கதைகளில் யாரோ ஒருவருடைய நெஞ்சில் ‘இனம்புரியாத பாரம்’ இறங்கியிருந்தது. ஒரே வாரத்தில் ஒன்பது நெஞ்சில் ஒரே பாரம் எப்படி இறங்கும். செல்போனிடம் கேட்டு வாங்கியிருப்பார்கள். அது கேட்டவனுக்கெல்லாம் ஒரே பாரத்தை எடுத்துக் கொடுத்திருக்கும். எம்.ஏ. இரண்டாம் ஆண்டு, படைப்பெழுத்துப் பயிற்சி, நாற்பத்தொரு பேர், ஆளுக்கு ஐந்து பக்கம், இருபத்தைந்து மதிப்பெண். சாயங்காலம் ஐந்து மணிக்குள் எல்லா மதிப்பெண்ணையும் கல்லூரி இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஐந்து மணிக்கு மேல் அது மூடிக்கொள்ளும். பினாங்குக்காரர்களும் அதே ஐந்து மணியைத்தான் சொல்லியிருந்தார்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே மணியில் வந்து நின்றதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது, யாரோ உட்கார்ந்து பேசி முடிவு செய்தது போல. பினாங்கில் ஒரு தனியார் கல்லூரி, இரண்டு வருடம், எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலை, குடியிருக்க வீடு. மே மாதம் இங்கே ஓய்வு, ஜூனில் அங்கே. ‘மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன்’ என்று தொடங்கும் கடிதம் மடிக்கணினியில் நான்கு நாட்களாகத் தயாராக இருந்தது. ஒரு விரலால் தட்டினால் போய்விடும். தட்டவில்லை. மனைவி பிரமு ரொம்ப லேசாகச் சரி சொல்லிவிட்டாள், அதுதான் காரணமாக இருக்கும்.

“நீங்க போயிட்டு வாங்க. எனக்கு என்ன, வீடு இருக்கு, எதிர்த்தாப்ல ஜெபமணி டீச்சர் இருக்கா. ரெண்டு வருசம் கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிரும்” என்றாள், வெண்டைக்காய் நறுக்கியபடி. முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள். அவர் தென்காசிக்கு ஒரு கூட்டத்துக்குப் போனால்கூட ‘எந்த பஸ்ஸு, எப்பத் திரும்புவிய, யாரு கூட’ என்று மூன்று கேள்வி கேட்பவள், கடல் தாண்டிப் போகிறேன் என்றால் வெண்டைக்காயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நீயும் வா என்றார். “நான் எங்க வர, புது இடம், தடுமாறிக்கிட்டு” என்றாள். அப்போது அந்தப் பதில் சரியாகத்தான் இருந்தது. பிறகு ராத்திரி படுத்திருக்கும்போது யோசித்தால் சரியாக இல்லை. பிரமுவா தடுமாறுகிறவள், கல்யாணமான வருடம் பாபநாசத்தில் வழுக்குப் பாறையில் அவருக்கு முன்னால் ஏறி நின்று கை கொடுத்தவள். ஏதோ இருக்கிறது. பெங்களூரில் இருக்கிற மகள் வடிவிடம் போனில் பேசும்போது இவர் உள்ளே வந்தால் குரல் தணிகிறது, உடனே பேச்சு மழைக்கும் பேரனின் சளிக்கும் போய்விடுகிறது. ‘அப்பாட்ட இப்பச் சொல்லாத’ என்று ஒரு தடவை தெளிவாகவே கேட்டது. எதைச் சொல்லாதே. அவர் விமானம் ஏறியதும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூருக்குப் போய்ச் சேர்வதாக இருவரும் பேசி வைத்திருப்பார்கள். போகட்டும், அதை நேராகச் சொன்னால் என்ன. அப்புறம் அந்த வியாழக்கிழமைகள். ஆகஸ்டிலிருந்து, ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன், தட்சிணாமூர்த்திக்கு விளக்குப் போட என்று கிளம்புகிறாள். துணைக்கு ஜெபமணி டீச்சர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனைக்குப் போகிற ஜெபமணி டீச்சருக்குத் தட்சிணாமூர்த்தியிடம் என்ன வேலை. ஆட்டோவில் போய் ஆட்டோவில் திரும்புகிறார்கள். நெற்றியில் திருநீறு இருக்காது, கண் சிவந்திருக்கும், இமை கனத்திருக்கும், வந்ததும் விளக்கைப் போடாதீயன்னு சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாள். அழுதிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். எங்கே போய், யாரிடம் அழுதாள். ஒரு தடவை ஜெபமணி டீச்சரை வாசலில் மறித்து, “என்ன டீச்சர், கோயில்ல கூட்டமா?” என்று கேட்டார். “ஆமா சார், டோக்கன் போட்டுல்லா உள்ள விடுதான்” என்று சொன்னவள் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு குடையை விரித்தாள். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

“வழில எதும் வச்சிருக்கியளா?” சமையலறையிலிருந்து குரல் வந்தது. “இல்ல” என்றார் இவர், பார்க்காமலே. திருத்தி முடித்த தாள்களின் கட்டு சமையலறை வாசலுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில்தான் இருந்தது. மேஜையில் இடமில்லை, வேறு எங்கே வைப்பது. இதுவும் புதுசு. முன்பெல்லாம் இந்த வீட்டில் புத்தகம் இல்லாத தரை எது, அதன் நடுவே அவள் தண்ணீர்க் குடத்தோடு நெளிந்து போவாள், ஒரு பக்கம்கூட நனையாது. இப்போது ஒரு செருப்பு இடம் மாறினால் சத்தம் போடுகிறாள். வயது. அல்லது அவரைப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். மனிதர்கள் ஒருவரைப் பிடிக்கவில்லை என்பதை நேராகச் சொல்வதில்லை, அவருடைய பொருள்கள் மேல் சொல்வார்கள் என்று வகுப்பில் அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு இந்தச் செருப்பைத்தான் உதாரணம் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, இரண்டும் சுமார், ஒன்றில் மறுபடி பாரம். பதினெட்டு, பதினைந்து. முப்பத்து நாலாவது தாளை எடுத்தார். மா. முப்பிடாதி. கதையின் பெயர் ‘அளவு’.

முப்பிடாதி களக்காட்டுப் பக்கம். ஜன்னலோரக் கடைசி பெஞ்சு. ஐந்து மாதத்தில் அவள் வாயைத் திறந்து அவர் கேட்டது ‘உள்ளேன் ஐயா’ மட்டும்தான். கேள்வி கேட்டால் எழுந்து நின்று, தெரிந்தாலும் தெரியாத மாதிரி தரையைப் பார்ப்பாள். ஆனால் அவர் பேசும்போது எழுதிக்கொண்டே இருப்பாள். மற்றவர்கள் பாட விஷயத்தை எழுதுவார்கள், இவள் அவர் சும்மா பேசுகிறதையும் எழுதுகிற மாதிரி இருக்கும். கதை ஒரு தையற்காரரின் மனைவியைப் பற்றியது. தையற்காரர் கெட்டிக்காரர், டேப் பிடிக்காமல் ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார், ஊரெல்லாம் அதற்காகவே அவரிடம் வரும். முதல் பக்கம் நன்றாக இருந்தது, எனவே எச்சரிக்கையாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் அந்த மனைவி சமையலறையில் நின்று உப்பு ஜாடியைத் தேடுகிறாள். உப்பு ஜாடியின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டு, சர்க்கரை ஜாடியின் கழுத்தில் இரண்டு. குற்றாலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய வீட்டு உப்பு ஜாடியில் ஒரு ரப்பர் பேண்டு. சர்க்கரையில் இரண்டு. மேலே படித்தார். காபியை ஊற்றும்போது அவள் ஆள்காட்டி விரலை டம்ளருக்குள் விட்டுக்கொள்கிறாள், சூடு விரலைத் தொட்டதும் நிறுத்துகிறாள். தெருவில் தெரிந்தவர்கள் சிரித்தால் திரும்பச் சிரிக்காமல் போகிறாள், கர்வம் பிடித்தவள் என்று பெயர். பஸ்ஸிலிருந்து கணவன் கை கொடுக்காமல் இறங்க மாட்டாள். பேப்பரைக் கையில் எடுப்பதில்லை, ‘உங்க குரல்ல கேட்டாத்தான் சேதி சேதி மாதிரி இருக்கு’ என்று கணவனை வாசிக்கச் சொல்கிறாள். இது பிரமுவின் வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. களக்காட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பெண் பிள்ளை, இந்த வீட்டுக்குள் எப்படி வந்தாள்.

ஜெபமணி டீச்சர்தான். அந்த விடுதிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பைபிள் வகுப்பு எடுக்கப் போகிறவள். முப்பிடாதி பைபிள் வகுப்புக்குப் போவாளா, போகாவிட்டால் என்ன, இன்னொருத்தி போவாள், ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு எவ்வளவு தூரம். ‘ஒங்க ஐயா வீட்ல என்ன நடக்குன்னு தெரியுமா’ என்று ஆரம்பித்திருப்பாள். இல்லையென்றால் பிரமுவே சொல்லியிருப்பாள். இந்தப் பெண் ஒரு நாள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவர் இல்லாத வியாழக்கிழமையில், சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறாள், பிரமு அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள், அவரிடம் சொல்லாததையும். எழுந்து போய்க் கேட்டுவிடலாமா என்று நினைத்தார். என்னவென்று கேட்பது, உப்பு ஜாடியைப் பற்றியா. சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது, “ஒண்ணுமில்ல” என்று அவர் கேட்காமலே பதில் வந்தது. கதையில் மூன்றாம் பக்கத்திலிருந்து அந்த மனைவிக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. ஓரங்களிலிருந்து இருட்டு வருகிறது, சட்டைத் துணியைச் சுற்றி வெட்டிக்கொண்டே வருகிற மாதிரி, நடுவில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். ஊருக்கே அளவு சொல்கிற தையற்காரருக்கு அது தெரியாது. அவருக்கு வெளியூரில் பெரிய கடையில் வேலை கிடைத்திருக்கிறது. தான் சொன்னால் அவர் போக மாட்டார் என்று அவள் சொல்லாமல் இருக்கிறாள். வீட்டுக்குள் நடப்பதற்கு அடிகளை எண்ணி வைத்துக்கொள்கிறாள், அடுப்பிலிருந்து கூடத்துக்குப் பதினோரு அடி. அவ்வளவுதான் கதை. முடிவுகூட இல்லை, அவள் பத்தாவது அடியில் நிற்கிறாள், அங்கே முப்பிடாதி நிறுத்திவிட்டாள். குற்றாலிங்கத்துக்கு இந்த இடத்தில் மூச்சு லேசாக வந்தது. பார்த்தாயா, இது கற்பனை. மற்றதெல்லாம் திருட்டு, இது மட்டும் கற்பனை, அதனால்தான் ஒட்டவில்லை. ஒருத்தியை அழவைக்க வேண்டுமென்றால் உடனே கண்ணைப் பிடுங்கிவிடுவது இந்தப் பிள்ளைகளுக்கு வழக்கம், போன வருடம் ஆறு புற்றுநோய், மூன்று குருடு. ஓரத்தில் சிவப்பு மையில் தெளிவாக எழுதினார்: ‘நம்பும்படியாக இல்லை. ஒரே வீட்டில் கூடவே வாழும் கணவனுக்கு இது தெரியாமலா இருக்கும்?’ பதினான்கு போட்டார். வட்டமிட்டார்.

பதினான்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தான் படித்த அம்பாசமுத்திரம் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பு, அணைக்கட்டு பற்றிக் கட்டுரை, வாத்தியார் நோட்டைத் தூக்கிக் காட்டி, “இது ஒன் எழுத்து இல்லல, எவன்ட்ட வாங்குன?” என்றார். என் எழுத்துதான் சார் என்று சொல்வதற்கு வாய் வரவில்லை. வாய் வராததே சாட்சியாகிவிட்டது. மதகு திறக்கும்போது தண்ணீர் முதலில் கறுப்பாக வரும் என்று எழுதியிருந்தான், அதை அவன்தான் பார்த்தான், மதகின் மேல் படுத்துக் கிடந்து, ஒரு சாயங்காலம் முழுக்க. எங்கே பார்த்தாய் என்று வாத்தியார் கேட்கவே இல்லை. அது நாற்பத்தைந்து வருடமாக உள்ளே ஒரு முள்ளாகக் கிடந்தது. தான் வாத்தியாரானதும் ஒரு விதி வைத்தார்: கதைக்குப் பின்னால் தனியாக ஒரு தாள், தலைப்பு ‘எங்கிருந்து’. கதையில் வரும் ஒவ்வொரு விவரத்துக்கும் எங்கே பார்த்தது, யார் சொன்னது, எப்போது என்று எழுத வேண்டும். செல்போனுக்கு மதகும் தெரியாது, கறுப்புத் தண்ணீரும் தெரியாது. ஆனால் மதிப்பெண் போட்ட பிறகுதான் அந்தத் தாளைத் திருப்புவார், முன்னால் பார்த்தால் கை சாய்ந்துவிடும் என்று. சக ஆசிரியர்கள் சிரித்தார்கள், “போலீஸ் ஸ்டேஷன்ல வாக்குமூலம் வாங்குத மாதிரில்லா இருக்கு” என்றார்கள். இருக்கட்டும். இப்போது முப்பிடாதி வசமாக மாட்டிக்கொள்வாள். உப்பு ஜாடிக்கு நேரே யார் பெயரை எழுதியிருக்கிறாள், ஜெபமணி டீச்சரா, பிரமுவா, பார்க்கலாம். பொய்யாக ‘என் அத்தை வீட்டில்’ என்று எழுதியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். தாளைத் திருப்பினார்.

சின்னச் சின்ன எழுத்து, கோடு தவறாமல். ‘உப்பு ஜாடி, ரப்பர் பேண்டு: ஐயா வகுப்பில் சொன்னது, ஜூலை 19, பொருள்களை வைத்து ஆளைக் காட்டுவது பற்றிய பாடம். டம்ளருக்குள் விரல்: ஐயா சொன்னது, ஜூலை 26. ஐயா வீட்டு அம்மாவின் சிக்கனம் என்று சொன்னார்கள். தெருவில் சிரிக்காதது: ஐயா சொன்னது, ஆகஸ்டு 9, கர்வத்தை எப்படிக் காட்டுவது என்பதற்கு. பஸ்ஸில் கை கொடுப்பது: ஐயா சொன்னது, ஆகஸ்டு 30. இந்த வயதிலும் காதல் என்று சொன்னார்கள், எல்லோரும் கை தட்டினோம். பேப்பர் வாசிப்பது: ஐயா சொன்னது, செப்டம்பர் 13, உரையாடல் பாடம். வழியில் செருப்பு: ஐயா சொன்னது, செப்டம்பர் 27. வெளியூர் வேலை: ஐயா சொன்னது, அக்டோபர் 11, ஒரு மனிதன் இரண்டு பக்கமும் இழுபடுவதற்கு உதாரணம். தையற்காரர்: என் மாமா.’ அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, மை கொஞ்சம் அழுந்தி: ‘அந்த அம்மாவுக்குப் பார்வை குறைகிறது: இதை யாரும் சொல்லவில்லை ஐயா. நோட்டில் எல்லாவற்றையும் அடுத்தடுத்துப் படித்தபோது அப்படித்தான் இருந்தது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். தப்பாகவே இருக்கட்டும்.’

குற்றாலிங்கம் அந்தத் தாளை மேஜையில் வைத்தார், பிறகு எடுத்தார், பிறகு வைத்தார். இல்லை என்று சொல்லத்தான் முதலில் வாய் போனது. சிக்கனம்தான், அவள் அம்மாவும் அப்படித்தான் ஊற்றுவாள். ஊற்றினாளா. அவள் அம்மா காபி ஊற்றி அவர் பார்த்ததே இல்லை. போன வாரம் சோற்றில் கல் கிடந்தது, முப்பத்திரண்டு வருடத்தில் முதல் கல், அவர் அதைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்துச் சத்தமாக ஒரு தட்டுத் தட்டினார், அவள் தட்டைப் பார்க்காமல் அவர் குரல் வரும் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தாள். ஒரு கல்யாண வீட்டில் வடிவின் மாமியார் பக்கவாட்டில் வந்து நின்றும் இவள் திரும்பவில்லை, வீட்டுக்கு வந்து அதற்காக அவர்தான் ஒரு மணி நேரம் பேசினார், மரியாதை பற்றி. டோக்கன் போட்டு உள்ளே விடுகிறார்கள். எந்தக் கோயிலில் டோக்கன். சிவந்த கண், விளக்கைப் போடாதீய, மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்தால் வெளிச்சம் குத்தும், அவருக்கே கண்ணாடி மாற்றப் போனபோது குத்தியிருக்கிறது, அரை நாள் படுத்திருந்தார். அப்பாட்ட இப்பச் சொல்லாத. புது இடம், தடுமாறிக்கிட்டு. ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன, எல்லாம் அவர் பார்த்தவை, பார்த்ததோடு நில்லாமல் சொல்லிச் சிரிக்கவைத்தவை. கவனியுங்கள், கவனியுங்கள் என்று ஐந்து மாதமாகத் தொண்டை வற்றச் சொன்னார். கடைசி பெஞ்சில் ஒருத்தி கவனித்திருக்கிறாள். மணி நாலு ஐந்து. சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதிய இரண்டு வரிகளின் குறுக்கே கோடு போட்டார். சிவப்பு மையை அழிக்க முடியாது, அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது தேர்வுத்துறை விதி. ‘கணவனுக்கு இது தெரியாமலா இருக்கும்’ என்பதற்குப் பக்கத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினான்கை அடித்து இருபத்து நான்கு போட்டார், அதற்கும் ஒரு கையெழுத்து. ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொண்டார் என்றால், அந்தப் பத்தாவது அடிக்காக. பதினோராவது அடியில் என்ன என்று அவள் எழுதவில்லை.

சமையலறையில் அடுப்பு அணைந்தது. டம்ளர் எடுக்கிற சத்தம், ஊற்றுகிற சத்தம், அது நிற்கிற இடம். இவ்வளவு நாள் இதில் ஒரு நொடி இடைவெளி இருந்ததை அவர் கேட்டதில்லை. பிரமு வாசலுக்கு வந்தாள், ஒரு கையில் காபி, மறு கை கதவு நிலையை லேசாக உரசியபடி. நிலையைத் தாண்டியதும் அந்தக் கை சேலை முந்தானைக்குப் போய்விட்டது, அவ்வளவு இயல்பாக. அவள் உதடு அசைந்ததா என்று பார்த்தார். அசையவில்லை, ஆனால் பாதங்கள் ஒரே அளவில் விழுந்தன, ஒன்று, இரண்டு. தரையில் தாள்கட்டு. இல்லை என்று அவர்தான் சொல்லியிருந்தார். நாற்காலி சத்தம் போடாமல் எழுந்து, நாலு, ஐந்து, குனிந்து கட்டைத் தூக்கினார், நாள் முழுக்கத் திருத்திய கட்டு, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அவள் நின்றுவிட்டாள்.

“ஏன் எந்திரிச்சிய?”

“சும்மா.”

“வழில வச்சிருந்தியளோ.”

“ஆமா. எடுத்துட்டேன்.”

மேஜையில் மடிக்கணினியின் திரை தானாக அணைந்திருந்தது, உள்ளே கடிதம் மகிழ்ச்சியுடன் ஏற்றபடியே கிடந்தது.

“நாளைக்கு வியாழக்கிழமைல்லா. கோயிலுக்கு நானும் வாரேன்” என்றார்.

“கோயிலுக்கா? நீங்களா?” என்று சிரிக்கப் பார்த்தாள். “சாமி கும்பிடாத மனுசனுக்கு என்ன திடீர்னு.”

“நீ எந்தக் கோயிலுக்குப் போறியோ அந்தக் கோயிலுக்கு. டோக்கன் நான் எடுக்கேன்.”

டம்ளரைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறங்கியது. அவள் முகம் அவரைப் பார்த்துத்தான் இருந்தது, ஆனால் முழுதாகப் பார்க்க அவள் தலையைச் சற்றே திருப்ப வேண்டியிருந்ததை இன்றுதான் பார்த்தார்.

“யாரு சொன்னா?” என்றாள். “டீச்சரா? வடிவா? படிச்சுப் படிச்சுச் சொன்னேன், சொல்லாதீயன்னு.”

“அவுங்க இல்ல.”

“பின்ன யாரு?”

“நாந்தான். ஜூலைல இருந்து சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன்.”

அவளுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. புரியவைக்க இன்னும் நேரம் இருந்தது. ஏழு கதை பாக்கி, ஐந்து மணிக்கு ஐம்பது நிமிடம். “ஆறிரும், பிடிங்க” என்று காபியை நீட்டினாள். டம்ளர் அவர் கைக்கு ஒரு சாண் இடப்பக்கமாக வந்து நின்றது. அவர் கையை அங்கே கொண்டுபோனார்.